எண்பதைத் தொட்டால் ஆடுகிற வண்டி

பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரரே உதட்டைப் பிதுக்குவார். சைஸ்காரர் என்று கேட்டால் தெருவே கை காட்டும். செருப்புக்கடையில் ஒரே முக்காலியில் உட்கார்ந்து, வந்தவர் போனவர் காலையெல்லாம் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தே தலை நரைத்த மனிதர். வாடிக்கையாளர் படியேறி உள்ளே வருவதற்குள் ஒரு பார்வை பார்ப்பார். "ஏழு. ஆனா வலது கால் கொஞ்சம் அகலம், ஏழரை போட்டுப் பாருங்க" என்பார். இல்லவே இல்லை, எனக்கு எட்டுதான் என்று அடம்பிடித்து வாங்கிப் போனவர்கள் மறுநாள் அசட்டுச் சிரிப்போடு திரும்பி வந்த கதைகள் அந்தக் கடையில் ஏராளம்.

அவரிடம் ஒரு குணம் உண்டு. முடியாது என்று சொல்ல வராது. கடிக்கிறது என்று யாராவது செருப்பைக் கொண்டுவந்தால் போதும், பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு வந்துவிடுவார். தோலைத் தட்டுவார், எண்ணெய் தடவுவார், மரக்கட்டையை உள்ளே திணித்து விரிய வைப்பார், பஞ்சை வெட்டி ஒட்டுவார். "கடிக்காத செருப்பும் இல்ல, அடங்காத கடியும் இல்ல" என்பது அவருடைய சொந்தப் பழமொழி. அதைக் கேட்டுக் கேட்டு முதலாளிக்குக் காது புளித்துவிட்டது. அதைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டிவிடு, எனக்காவது நிம்மதி என்பார் அவர். இப்படிப்பட்ட ஆளைத்தான், பாருங்கள், கையைக் கட்டி உட்கார்ந்து வேடிக்கை பார் என்று காலம் ஒரு மூலையில் உட்கார வைத்தது.

மனைவிக்கு முதலில் வெறும் முதுகுவலிதான். தைலம் தேய்த்தார்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள், கட்டிலை மாற்றினார்கள். அந்த அம்மாள் வலி என்று வாய்விட்டுச் சொல்கிற ரகம் இல்லை. கொதிக்கிற பாத்திரம் கையில் பட்டால்கூடக் கையை உதறிக்கொண்டு மறுவேலையைப் பார்ப்பார். ஆகவே அவராக வலி தாங்கவில்லை என்று சொன்ன நாளில் நோய் எலும்புக்குப் போயிருந்தது. உள்ளூர் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார். அங்கே மாதத்துக்கு இரண்டு தடவையாவது போய்வர வேண்டும்.

நகரம் பக்கத்திலா இருக்கிறது? நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் போனாலே அரை நாள் ஓடிவிடும். பஸ்ஸில் ஏற அந்த அம்மாளால் முடியவில்லை. ரயில் என்றால் மேம்பாலப் படிகள். கடைசியில் முதலாளியே தன்னுடைய பழைய காரை இவரிடம் தள்ளிவிட்டார், நல்ல மனசோடுதான். ஐம்பதைத் தாண்டிய பிறகு சைஸ்காரர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். கிளட்ச் எது பிரேக் எது என்று குழம்பி, வீட்டுச் சுவரில் ஒரு கோடு கிழித்து, தெருநாய்களுக்கு எல்லாம் ஓட்டப்பந்தயம் வைத்து, ஒருவழியாக லைசென்ஸ் வாங்கினார். பிள்ளைகள் இல்லாத வீடு. அவரை விட்டால் அந்த அம்மாளுக்கு வேறு யார்?

மனைவி பின் சீட்டின் இடது மூலையில் தலையணையைச் சாய்த்துக்கொண்டு, காலைச் சீட்டின் நீளத்துக்கு நீட்டிக்கொள்வார். முன்னால் உட்கார்ந்தால் காலை நீட்ட இடம் போதாது. ஆரம்பத்தில் பயணம் நன்றாகத்தான் போனது. வழியில் தென்படுகிற லாரிகளின் பின்னால் எழுதியிருக்கிற வாசகங்களைப் படித்து அந்த அம்மாள் கேலி செய்வார். இவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரிப்பார்.

ஆட்டம் அதற்குப் பிறகு வந்தது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றும் இல்லை. எழுபதில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. எண்பதைத் தொட்டால் வண்டி பிடித்துக்கொள்ளும். தொண்ணூறில் உச்சம், கதவுகள் கடகடத்து, மருந்து டப்பாக்கள் உருண்டு, தண்ணீர் பாட்டிலின் மூடி தானாகக் கழன்று விழும் அளவுக்கு.

"ஏங்க, ஆடுதுங்க" என்றார் மனைவி முதல் நாள்.

ஆமாம் என்று இவரும் சொன்னார். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துப் பார்த்தார், அதிலும் ஏதோ நடுங்குகிற மாதிரித்தான் இருந்தது. இருக்காதா பின்னே? சோற்றில் முடி கிடக்கிறது என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் அப்புறம் ஒவ்வொரு கவளத்திலும் நாக்கில் முடி தட்டத்தானே செய்யும். அன்றைக்குப் பிடித்தது அவருக்கு, ஸ்டீயரிங் ஆடுகிறது என்ற எண்ணம். உடும்புப் பிடி. அதை யாராலும் கழற்ற முடியவில்லை, அவராலும்தான்.

சரி, ஆடினால் மெதுவாகப் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். போய்ப் பார்த்தார். அறுபதில் போனால் பயணம் ஒன்றரை மடங்கு நீண்டது. அந்த அம்மாளால் அவ்வளவு நேரம் ஒரே நிலையில் இருக்க முடியாது. பாதி வழியில் முகம் வெளுத்து, நெற்றி வியர்த்து, கையால் சீட்டின் விளிம்பைப் பற்றிக்கொள்வார். வேகமாகப் போனால் ஆட்டம் எலும்பை உலுக்கும். மெதுவாகப் போனால் நேரம் எலும்பைத் தின்னும். இந்தப் பக்கம் போனால் இடி, அந்தப் பக்கம் போனால் உதை. வண்டியின் ஆட்டத்தை நிறுத்தினால் ஒழிய அவளை வலிக்காமல் கூட்டிக்கொண்டு போக வழியே இல்லை என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது.

மனைவியின் தம்பி ஒருவன் உண்டு. போனில் வீடியோ பார்த்தே வண்டி பற்றிச் சகலமும் அறிந்தவன். சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. அவன் சொன்ன யோசனை, இன்னும் கொஞ்சம் வேகமாகப் போங்க மாமா, நூற்றிப்பத்தில் ஆட்டம் தானாக நின்றுவிடும் என்பது. விஷயம் என்னவென்றால் அது உண்மை. ஆளில்லாத நேரத்தில் ஒருமுறை மிதித்துப் பார்த்தார், நூற்றைத் தாண்டியதும் ஆட்டம் குறையத்தான் செய்தது. ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்ற மனிதர், முதுகெலும்பு நோகிற மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு நூற்றிப்பத்தில் பறந்தால் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள், நேராக மேலேதான் போவார்கள். மச்சினனிடம் அதைச் சொல்லவும் செய்தார்.

தெருமுனையில் ஒரு மெக்கானிக் இருந்தார். வாயில் எப்போதும் ஒரு ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டே பேசுவார், அதனால் பாதி வார்த்தை புரியாது. எங்கே ஆடுகிறது என்று கேட்டார். சைஸ்காரர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஸ்டீயரிங்லதான்" என்று அடித்துச் சொன்னார்.

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மெக்கானிக் வண்டியின் முன்பாதியைப் பிரித்து மேய்ந்தார். முன்சக்கரம் இரண்டையும் கழற்றி டயர்க்கடையில் கொடுத்து, எடை எல்லாப் பக்கமும் சமமா என்று பேலன்ஸ் பார்த்து, ரிம்மின் ஓரத்தில் சின்னச் சின்ன ஈயத் துண்டுகளை அடித்துக்கொண்டு வந்தார். ஆட்டம் போகவில்லை. முன்சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்த்தார். போகவில்லை. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கிற கம்பியின் முனை தேய்ந்திருக்கிறது என்று மாற்றினார். என்ஜினைத் தாங்குகிற ரப்பரை மாற்றினார். ஒவ்வொன்றுக்குப் பிறகும் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, வெண்ணெய் மாதிரி போகுதுண்ணே என்பார். போகாமல் என்ன? அந்தத் தெருவில் முப்பதுக்கு மேல் போனால் காய்கறி வண்டியில்தான் முட்ட வேண்டும். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுவிடுகிற குழந்தை மாதிரி அந்த வண்டி மெக்கானிக்கின் கையில் பரம சாதுவாக இருந்தது.

கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் மெக்கானிக்கை நெடுஞ்சாலைவரை கூட்டிப்போனார். மெக்கானிக் ஓட்டினார், சைஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். எண்பதில் லேசாகத் தெரிந்தது, தொண்ணூறில் இன்னும் கொஞ்சம், கதவுகள் கடகடத்ததைப் பழைய வண்டியின் சத்தம் என்று மெக்கானிக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டறையில் இவர் சொன்னதைக் கேட்டால் பூகம்பம் என்று நினைக்க வேண்டியிருந்தது, இங்கே வந்து பார்த்தால் கொட்டாவி அளவுகூட இல்லை என்று மெக்கானிக்குக் கோபம். "அண்ணே, இந்த வயசு வண்டிக்கு இது சகஜம். ரோடும் மோசம். இதுக்குமேல ஒண்ணும் பண்றதுக்கில்ல" என்றார், அன்றைக்கு வாயில் ஸ்க்ரூ இல்லாததால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகவே கேட்டது.

அதே வாரத்தில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். அவர் நல்லவர், மரியாதையாகப் பேசுவார். மருந்து எதிர்பார்த்த அளவுக்குக் கேட்கவில்லை, வேறொன்று கொடுத்துப் பார்க்கலாம், வலியை மட்டும் கட்டுப்பாட்டில் வைக்கலாம் என்றார். வலி பத்துக்கு எத்தனை என்று வழக்கம்போல் கேட்டார். மனைவி கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மூணு இருக்கும் டாக்டர்" என்றார். எப்போதும் மூன்றுதான். டாக்டர் மூன்று என்று கணினியில் தட்டினார். சைஸ்காரரும் மூன்று என்றே நம்பினார். பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வாங்கினால் பாஸ் என்பதுபோல, மூன்று என்றால் சமாளித்துவிடலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு.

அன்று கிளம்பும்போது வராந்தாவில் மனைவிக்குச் செருப்பு மாட்டிவிடக் குனிந்தார். கால் உள்ளே போகவில்லை. பாதம் வீங்கி, விரல்களுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஆறு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆறு என்றுதான் சொல்வார். இப்போது கையில் பிடித்துப் பார்த்தால் எட்டு. ஊரில் உள்ள காலையெல்லாம் அளந்தவர், வீட்டுக்காரியின் கால் எப்போது எட்டானது என்று தெரியாமல் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். அவள்தான், இருக்கட்டுங்க, வெறுங்காலோட வரேன், தரை வழவழன்னு நல்லாத்தான் இருக்கு என்று சொல்லி எழுந்தாள். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு இவர் பின்னால் நடந்தார்.

அந்த எலும்புக்கு அவரால் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட முடியாது. படம் எடுத்தவர்களும் மருந்து எழுதியவர்களும் படித்தவர்கள். அவர்களே கையை விரிக்கிறார்கள். ஆனால் வண்டி இரும்புதானே, மனிதர்கள் பண்ணியதுதானே, அதைச் சரிசெய்ய முடியாதா? இதுதான் அவர் மனசைப் போட்டு அரித்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், மனைவியின் நோயைப் பற்றி நினைத்ததைவிட வண்டியின் ஆட்டத்தைப் பற்றித்தான் அந்த நாட்களில் அவர் அதிகம் நினைத்தார். முன்னதை நினைத்தால் மூச்சு முட்டியது. பின்னதை நினைத்தால் ஸ்பேனரையாவது எடுக்கலாம்.

கடையிலும் அவர் அவராக இல்லை. ஏழு கேட்டவருக்கு ஒன்பதை எடுத்துக் கொடுத்தார். இரண்டு காலுக்கும் இடதுகால் செருப்பையே போட்டு அனுப்பினார் ஒருமுறை. முதலாளி பார்த்துவிட்டுப் பார்க்காதவர்போல் இருந்தார்.

அப்படி ஒரு நாளில்தான் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கடைக்கு வந்தார்கள். முந்தின வாரம் அந்தப் பெண்ணுக்கு வாங்கிப்போன செருப்பு கடிக்கிறதாம். கணவர் செருப்பை நீட்டி நீட்டி விளக்கினார். கட்டைவிரல்கிட்ட கடிக்கிறது, வார் இறுக்கம், அதைத் தளர்த்திக் கொடுத்தால் போதும் என்றார். முதலாளியின் தம்பி தளர்த்த உட்கார்ந்துவிட்டான். சைஸ்காரர் பழக்கதோஷத்தில், தன் பாட்டுக்கு, வருஷக்கணக்காக எல்லாப் புருஷன்மார்களிடமும் சொல்கிற அதே வார்த்தையைச் சொன்னார்.

"நீங்க சொல்லாதீங்க சார். போட்டவங்க சொல்லட்டும். எங்கே கடிக்குதும்மா?"

அந்தப் பெண் தயங்கினாள். அப்புறம் குதிகாலைத் தொட்டுக் காட்டினாள். பின்பக்கம் கடித்ததால் அவள் காலை முன்னே தள்ளித் தள்ளி நடந்திருக்கிறாள், அதனால் விரல் போய் வாரில் இடித்திருக்கிறது. புருஷன் பார்த்தது விரலில் இருந்த கொப்புளத்தை. அவன் தன் கண்ணால் கண்டதைச் சொன்னான், பாவம், பொய் சொல்லவில்லை.

சைஸ்காரர் அந்தக் காலை மடியிலிருந்து இறக்கிவைக்கவே மறந்துபோனார். மனைவியிடம் இத்தனை மாதத்தில் ஒருமுறையாவது எங்கே ஆடுகிறது என்று கேட்டோமா? ஆடுகிறது என்று சொன்னது அவள். எங்கே என்று சொன்னது இவர். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் சொல்கிற புத்தி தன் வீட்டு வாசலில் ஏறவில்லையே என்று அவருக்குத் தன்மேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு நேரே வீட்டுக்குப் போனார்.

மனைவி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இவர் வந்து நின்ற வேகத்தைப் பார்த்துப் பயந்தே விட்டார்.

"வண்டி ஆடுதுன்னு சொல்றியே, எங்க ஆடுது?"

"என்னங்க திடீர்னு?"

"சொல்லேன்."

"முதுகுக்கு அடியில. இந்த இடது பக்கம். ஓடுற தையல் மிஷின் மேல உக்காந்தா எப்படி இருக்கும், அப்படி."

"முன்னாடி? ஸ்டீயரிங் பக்கம்?"

"அது உங்ககிட்டல்ல இருக்கு, எனக்கு எப்படித் தெரியும்?" என்றவர், போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நீங்க கேக்கவே இல்லையே" என்றும் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அது இவருக்குச் சுருக்கென்றது.

மெக்கானிக்கிடம் போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் வாயிலிருந்து ஸ்க்ரூவை எடுத்துவிட்டார். கையில் ஆடினால் முன்சக்கரம், சீட்டில் ஆடினால் பின்சக்கரம், இது அரிச்சுவடி அண்ணே, நீங்கதானே ஸ்டீயரிங் ஸ்டீயரிங்னு உயிரை எடுத்தீங்க என்றார். அப்படியானால் பின்சக்கரத்தையும் ஏன் பார்க்கவில்லை என்று இவர் கேட்டார். பின்சக்கரத்துக்குப் பேலன்ஸ் பார்க்கிற பழக்கம் அந்த ஊரில் யாரிடமும் இல்லை. முன்னால் இரண்டுக்குப் பார்த்தால் போதும் என்று யாரோ எப்போதோ சொன்னதை எல்லோரும் வேதமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் உட்காருகிறவர்கள் வாய் திறக்காத வரையில் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

டயர்க்கடையில் பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்றி மிஷினில் மாட்டினார்கள். சுற்ற விட்டதும், மிஷின் அளவைக் காட்டுவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்தது. சக்கரத்தின் உள்விளிம்பு தலையை ஆட்டி ஆட்டிச் சுற்றியது. வெளிப்பக்கம் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. டயர்க்கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு உள்விளிம்பில் விரலை ஓட்டினார். ஒரு சாண் நீளத்துக்கு ரிம் உள்ளே நெளிந்திருந்தது.

"எங்கயாவது கல்லு மேல ஏத்தி இறக்குனீங்களா சார்? நல்லா வாங்கியிருக்கு" என்றார் அவர்.

தெரியலையே என்றார் சைஸ்காரர். தெரியாமல் என்ன? அந்தக் கேள்வி முடிவதற்குள் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. எலும்பு முழுக்கப் பரவிவிட்டது, இனிமேல் முழுசாகக் குணப்படுத்துகிற பேச்சு இல்லை என்று டாக்டர் இவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன நாள். வெளியே வந்து, ஒன்றுமில்லை, மருந்து மாற்றுகிறார்களாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் இடதுபக்கம் திரும்புகையில் கண் கலங்கி எதிரே எதுவும் தெரியவில்லை. பின்சக்கரம் நடைபாதை விளிம்புக்கல்லின்மேல் ஏறி, தொம்மென்று விழுந்தது. அவள் அம்மா என்று ஒருதரம் கத்தினாள். பார்த்துப் போங்க என்றாள். அதற்கு அடுத்த பயணத்தில்தான் ஆட்டம் தொடங்கியது. இத்தனை மாதமாக அவளை உலுக்கிக்கொண்டு வந்தது அன்றைக்கு இவர் அழுத அழுகை. இதை யாரிடம் சொல்வது, மெக்கானிக்கிடமா?

வேறு ரிம் தேடிப் பிடித்து, டயரை மாற்றி ஏற்றி, நான்கு சக்கரத்துக்கும் பேலன்ஸ் பார்த்து மாட்டினார்கள். மெக்கானிக் தானாகவே நெடுஞ்சாலைக்கு வருகிறேன் என்றார். இந்தத் தடவை சைஸ்காரர் பின் சீட்டின் இடது மூலையில், மனைவியின் தலையணையில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்தார். அறுபது, எழுபது, எண்பது, தொண்ணூறு. ஒன்றுமே இல்லை. முதுகில், இடுப்பில், தொடையில், எங்கேயும் இல்லை. நூற்றைத் தொட்டபோது மெக்கானிக் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இவருக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒரு கடியை அடக்கிவிட்டோம் என்று அவருக்குப் பட்டது.

அடுத்த ஆஸ்பத்திரிப் பயணத்துக்கு அவர் மாப்பிள்ளை மாதிரி கிளம்பினார். முந்தின நாளே வண்டியைக் கழுவினார். எட்டாம் நம்பரில் மிருதுவான செருப்பு ஒன்றைக் கடையிலிருந்து கொண்டுவந்து மாட்டிவிட்டார். மனைவியைக் கைத்தாங்கலாக ஏற்றி, தலையணையைச் சரிசெய்து, காலை நீட்டி வைத்தார். ஆட்டம் நின்றுபோன விஷயத்தைச் சொல்லவில்லை. அவளே உணர்ந்து சொல்லட்டும் என்று ஆசை.

ஊர் எல்லையைத் தாண்டியதும் வேகத்தைக் கூட்டினார். முள் எண்பதைத் தொட்டது. வண்டி ஆடவில்லை. எண்பத்தைந்து, தொண்ணூறு. கதவுகள் கடகடக்கவில்லை, பாட்டில் மூடி கழலவில்லை, டப்பாக்கள் உருளவில்லை. புதிதாகப் போட்ட சாலைபோல வண்டிக்குள் அப்படி ஓர் அமைதி.

"எப்படி இருக்கு?" என்றார், பொறுக்க முடியாமல்.

"ஆடவே இல்லைங்க. நல்லா இருக்கு" என்றாள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. மச்சினனுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும், முதலாளியிடம் சொல்ல வேண்டும் என்று எண்ணிக்கொண்டே போனார். கொஞ்ச தூரம் போயிருப்பார்கள், மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. ம்ம் என்று இழுவையாக, விட்டு விட்டு. அடக் கடவுளே, ஒன்று போய் இன்னொன்றா? சக்கரத்து பேரிங் போனால் இப்படித்தான் முனகும் என்று மச்சினன் ஒருமுறை சொல்லியிருந்தான். சக்கரத்திலிருந்து வருகிற சத்தமானால் வேகத்தோடு கூடிக் குறையும் என்பதை இத்தனை மாதத்தில் அவரும் கற்றிருந்தார். எழுபதுக்கு இறக்கிப் பார்த்தார். சத்தம் மாறவில்லை. தொண்ணூறுக்கு ஏற்றினார். மாறவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியைத் தன்போக்கில் ஓட விட்டார். அப்போதும் அதே சத்தம், அதே இடைவெளி.

எங்கிருந்து வருகிறது என்று காதைக் கூர்மையாக்கினார். முன்னால் இல்லை. கீழே இல்லை. பின்னால், இடது பக்கம்.

கண்ணாடியில் பார்த்தார். மனைவி கண்ணை மூடியிருந்தாள். துண்டின் முனையைச் சுருட்டி வாயில் கடித்திருந்தாள். மூச்சு வெளியே வரும்போதெல்லாம் அந்தச் சத்தம் வந்தது. துளிகூட ஆடாத வண்டியில், தலையணையில் அசையாமல் சாய்ந்தபடியே அவள் முனகிக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணை எடுத்துச் சாலையில் வைத்தார். கை இரண்டும் ஸ்டீயரிங்கில் இருந்தன, அது அசையாமல் நின்றது. இன்றைக்குப் புதிதாக வந்த முனகல் இல்லை இது. ஒவ்வொரு தடவையும், போகும்போதும் வரும்போதும், இந்த வழி நெடுக இருந்திருக்கிறது. வண்டியின் கடகடப்பில் அவருக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அது அவளுக்கு வசதியாகவும் இருந்திருக்கிறது. அதைத்தான் இவர் ஓடி ஓடிச் சரிசெய்து தொலைத்தார். இனிமேல் எதைப் பிரிப்பது, எதை மாற்றுவது, யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

மறுபடி கண்ணாடியில் பார்த்தபோது அவள் விழித்திருந்தாள். அவர் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். துண்டை மெதுவாக வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனார்கள். அவள் மூச்சை அடக்குவது அவருக்குக் கேட்டது.

"ஏங்க" என்றாள் கடைசியில், "ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்களேன். காத்து வரட்டும்."

அவளுக்குக் காற்றே ஆகாது. மின்விசிறியைக்கூட ஒன்றுக்கு மேல் வைக்க விடமாட்டாள். அவர் அதைச் சொல்லவில்லை. சரிம்மா என்றார். தன் பக்கத்து ஜன்னலை முழுசாக இறக்கினார், அப்புறம் கையை நீட்டி அந்தப் பக்கத்து ஜன்னலையும் இறக்கினார். காற்று ஹோவென்று இரைந்துகொண்டு வண்டிக்குள் புகுந்தது. அதன் பிறகு பின்னாலிருந்து அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. எண்பதில் வைத்து ஓட்டிக்கொண்டு போனார்.